அப்பா படம் எடுக்கிறேன் என்கிறார், நடிக்கலாமா?

"அப்பா இருபத்தைந்து வருடமாகத் தமிழ் சினிமாவில் இருக்கிறார். குணச்சித்திர வேடங்கள் செய்தவர், இரண்டு படம் தயாரித்தும் இருக்கிறார். எனக்கு 22 வயது, நடிக்க ஆசை. என்னை ஹீரோவாக வைத்து அவரே ஒரு படம் எடுக்கிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா, வெளியே வாய்ப்புத் தேடட்டுமா? வாரிசு என்ற பெயர் உதவுமா, கெடுக்குமா?" இதுதான் உங்கள் கேள்வி.

சுருக்கமான பதில்: முதல் படம் அப்பா பணத்தில் வேண்டாம். இரண்டு வருடம் பொறுங்கள். உங்களைத் திட்டத் தயங்காத ஓர் இயக்குநரிடம் போய்ச் சேரப் பாருங்கள். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் பல காலம் செட்டில் நின்றவன் நான். சிலவற்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், மற்றவை எல்லோருக்கும் தெரிந்த சினிமா வரலாறு.

முதலில், சினிமா குடும்பம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் ஏகப்பட்ட படிகள் உண்டு. சிவாஜி கணேசன் வீட்டில் பிறப்பதும், துணை நடிகர் ஒருவர் வீட்டில் பிறப்பதும் ஒன்றாகிவிடாது. விக்ரமின் அப்பா வினோத் ராஜ் நடிகராகும் கனவோடு வந்து சிறு வேடங்களோடு நின்றவர். அந்தப் பின்னணியால் மகனுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. 1990-ல் 'என் காதல் கண்மணி'யில் அறிமுகமான விக்ரமுக்கு 1999 டிசம்பரில்தான் 'சேது' வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐஸ்வர்யா ராஜேஷின் அப்பாவும் தாத்தாவும் தெலுங்கில் நடிகர்கள்தான். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. டி.வி. நடன நிகழ்ச்சி, சின்னச் சின்ன வேடங்கள் என்று வந்து, பெரும்பாலான இளம் நாயகிகள் தொடத் தயங்கும் அம்மா வேடத்தை 'காக்கா முட்டை'யில் செய்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

உங்கள் அப்பாவின் இடம் சிவாஜி வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில். அவர் போன் செய்தால் எடுப்பார்கள். அவருக்காக யாரும் பத்துக் கோடி போட மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நட்சத்திரங்களின் பிள்ளைகளை உதாரணமாகச் சொல்லும்போது அந்த வசதியெல்லாம் நமக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

குடும்பம் உண்மையில் தருவது என்ன? வாய்ப்பு என்பார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரியது அவகாசம். வெளியிலிருந்து வரும் பையனுக்கு முதல் படம் ஓடவில்லை என்றால் இரண்டாவது படம் அமைவதே அதிர்ஷ்டம். விஜய்யின் தொடக்கத்தைப் பாருங்கள். 1992 டிசம்பரில் 'நாளைய தீர்ப்பு', இயக்கியவர் அப்பா எஸ்.ஏ.சந்திரசேகர். படம் போகவில்லை. வேறொருவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த வருடமே 'செந்தூரபாண்டி'யில் விஜயகாந்தின் தம்பியாக மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார் அப்பா. விஜயகாந்தின் ரசிகர்கள் இருந்த ஊர்களிலெல்லாம் இந்தப் பையனின் முகமும் போய்ச் சேர்ந்தது.

விஜயகாந்த் ஏன் வந்தார்? 1981-ல் 'சட்டம் ஒரு இருட்டறை' படத்தின் மூலம் அவருக்கு ஒரு பெரிய திருப்பத்தைக் கொடுத்தவர் எஸ்.ஏ.சி. சினிமா வீட்டின் நிஜமான சொத்து பங்களாவும் தயாரிப்பு பேனரும் கிடையாது, இப்படி வெளியே நிற்கும் நன்றிக்கடன்கள்தான். உங்கள் அப்பாவுக்கும் சில இருக்கும். ஒரு காலத்தில் சம்பளம் வாங்காமல் நடித்துக் கொடுத்திருப்பார், யாருக்காவது முதல் வாய்ப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் ஒவ்வொரு நன்றிக்கடனையும் ஒரு தடவைதான் கேட்டு வாங்க முடியும். நீங்கள் தயாராவதற்கு முன்னாலேயே அதையெல்லாம் கேட்டுத் தீர்த்துவிட்டால், தயாரான பிறகு கையில் ஒன்றும் இருக்காது. அப்பா படம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இருக்கும் முதல் காரணம் இது.

விஜய் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. 'ரசிகன்', 'தேவா', 'விஷ்ணு' என்று தொடர்ந்து அப்பாவின் இயக்கத்தில் வந்தார், பி, சி சென்டர்கள் எனப்படும் சிறு நகர, கிராமத் தியேட்டர்களில் பெயரும் கிடைத்தது. பெண்களும் பெரியவர்களும் அவரை ஏற்றுக்கொண்டது 1996-ல் விக்ரமனின் 'பூவே உனக்காக' வந்த பிறகு. அடுத்த வருடம் பாசிலின் 'காதலுக்கு மரியாதை'. சண்டையையும் கவர்ச்சிப் பாட்டையும் எடுத்துவிட்டு, அந்தப் பையனிடம் இருந்த கூச்சத்தையும் அமைதியையும் பயன்படுத்தலாம் என்று வெளியாட்களுக்குத்தான் தோன்றியது. பெற்றவருக்குத் தன் பிள்ளை எப்படி ஆக வேண்டும் என்று ஒரு படம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரில் நிற்பது யார் என்று பார்க்க அதுவே தடை.

இந்த வகையில் தேடினால் நிறையக் கிடைக்கும். ஜீவாவுக்கு 2003-ல் வீட்டு பேனரான சூப்பர் குட் பிலிம்ஸ் வழியாகவே அறிமுகம். அவரை நடிகராகப் பேச வைத்தவை அமீரின் 'ராம்', ராமின் 'கற்றது தமிழ்'. சூர்யா 1997-ல் வசந்த் இயக்கத்தில் 'நேருக்கு நேர்' மூலம் வந்தார். சிவகுமார் மகன் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நடனம் வரவில்லை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றெல்லாம் கிண்டலைக் கேட்டுக்கொண்டுதான் நாலு வருடம் ஓட்டினார். 2001-ல் பாலாவின் 'நந்தா' வந்த பிறகு பேச்சு மாறியது. 'நேருக்கு நேர்' படத்துக்கு முன்னாலேயே அதே வசந்த் 'ஆசை'க்குக் கேட்டபோது மறுத்துவிட்டு ஆயத்த ஆடை ஏற்றுமதி வேலைக்குப் போனவர் அவர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடிகர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் நடிப்பு ரத்தத்திலேயே ஓடுவதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்த்த அந்தக் காலம் அவருக்கு வீணாகவும் போகவில்லை.

அருண் விஜய் இன்னும் நல்ல உதாரணம். 1995-ல் 'முறை மாப்பிள்ளை'. 2001-ல் சேரனின் 'பாண்டவர் பூமி'யில் நன்றாகவே செய்தார், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடியவில்லை. 2012-ல் 'தடையறத் தாக்க' வந்தபோதும் பார்த்தவர்கள் பாராட்டினார்கள், அவ்வளவுதான். 2015-ல் 'என்னை அறிந்தால்' படத்தில் விக்டர் என்ற வில்லனாக வந்த பிறகுதான் தியேட்டரில் அவருக்கென்று கைதட்டல் கேட்டது. இருபது வருடம்! அவ்வளவு காலம் உடம்பைக் கட்டாக வைத்துக்கொண்டு, கசந்துபோகாமல் காத்திருந்தது அவருடைய உழைப்பு. காத்திருக்கும்போது சோற்றுக்குக் கவலையில்லாமல் இருந்தது விஜயகுமார் வீட்டுப் பிள்ளை என்பதால். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுப் பேசினால் அது பாதிக் கதை.

இனி செட்டுக்கு வருவோம். சொந்தப் படத்தில் என்ன நடக்கும் என்று வெளியிலிருக்கிறவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது. காலையில் முதல் ஷாட். நீங்கள் வசனத்தைச் சொல்கிறீர்கள். கண் எங்கோ போகிறது, குரல் தொண்டைக்கு மேலேயே நிற்கிறது. இயக்குநர் மானிட்டரைப் பார்க்கிறார், பக்கத்தில் நாற்காலியில் உங்கள் அப்பா. "சூப்பர் தம்பி, ஓகே" என்கிறார் இயக்குநர். கேமராமேன் எனக்கும் ஓகே என்கிறார், அவருக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் போதும். எதிரில் நடிக்கும் மூத்த நடிகர் அப்பாவின் நண்பர், முதுகில் தட்டிக் கொடுப்பார். ஒன்மோர் கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை. நாற்பது நாள் இப்படியே போகும். டப்பிங்கில் மைக் முன்னால் நிற்கும்போது முதல் தடவையாக உங்களுக்கே சந்தேகம் வரும். அதற்குள் செட் பிரித்து, கால்ஷீட் முடிந்து, பணமும் செலவாகியிருக்கும். உண்மையைச் சொல்லப்போகும் முதல் ஆள் வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பவர். அவர் உங்களிடம் தனியாக வந்து சொல்ல மாட்டார்.

மலையாளத்தில் ஃபகத் ஃபாசிலுக்கு நடந்தது இதுதான். 2002-ல் அப்பா பாசில் இயக்கிய 'கையெத்தும் தூரத்' படத்தில் நாயகன். பாசில் எவ்வளவு பெரிய இயக்குநர் என்று சொல்லத் தேவையில்லை, எத்தனையோ புதுமுகங்களைக் கொண்டுவந்தவர். மகன் விஷயத்தில் படம் விழுந்தது, விமர்சனம் கடுமையாக இருந்தது. ஃபகத் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டார். தயாராகாமல் வந்தது தன் தவறுதான், அப்பாவைக் குறை சொல்லாதீர்கள் என்ற பொருளில் அவரே பேசியிருக்கிறார். திரும்பி வந்தது 2009-ல் 'கேரளா கஃபே' என்ற தொகுப்புப் படத்தில் ஒரு சின்னப் பகுதியில். அடுத்து 'சாப்பா குரிசு', '22 ஃபீமேல் கோட்டயம்'. நாயகன் என்ற பிம்பத்தைப் பற்றிக் கவலையே படாத வேடங்களாகப் பார்த்து எடுத்தார். இன்று அவர் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். முதல் படத்துக்கும் இரண்டாவது வரவுக்கும் நடுவில் ஏழு வருடம் இருப்பதை மட்டும் கவனியுங்கள்.

மம்மூட்டி வீட்டில் வேறு மாதிரி. துல்கர் சல்மான் வெளிநாட்டில் படித்து, வேலை பார்த்து, மும்பையில் பாரி ஜான் நடிப்புப் பள்ளியில் ஒரு குறுகிய பயிற்சியும் முடித்துவிட்டு, 2012-ல் 'செகண்ட் ஷோ'வில் அறிமுகமானார். இயக்குநர் ஸ்ரீநாத் ராஜேந்திரனுக்கும் அது முதல் படம், கூட நடித்தவர்களிலும் பலர் புதியவர்கள். அப்பா நினைத்திருந்தால் கேரளாவின் எந்த இயக்குநரையும் கூப்பிட்டிருக்கலாம். எல்லோரும் புதிதாக இருக்கும் இடத்தில் போய் நின்றது புத்திசாலித்தனம். அங்கே எதிர்பார்ப்பும் குறைவு, தயக்கமும் குறைவு.

எதிர்பார்ப்பு என்றதும் மனோஜ் நினைவுக்கு வருகிறார். 1999-ல் 'தாஜ்மஹால்', இயக்கம் அப்பா பாரதிராஜா, இசை ஏ.ஆர்.ரஹ்மான். பாட்டெல்லாம் பெரிய ஹிட். ஒரு புதுமுகத்தின் தோளில் ஏற்றக் கூடாத அளவு பாரம் அது. படம் எதிர்பார்த்தபடி போகாதபோது இத்தனை பெரிய பெயர்களில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, புதுப் பையனுக்குத்தான் ஆயிற்று. சாந்தனு பாக்யராஜுக்கும் 'சக்கரகட்டி'யில் அதேபோல ரஹ்மான் இசை, பெரிய விளம்பரம். இருவருக்கும் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாலு சின்னப் படத்தில் தப்பும் தவறுமாக நடித்துப் பழக வேண்டிய வயதில் அவர்களை நேராக மேடைக்கு நடுவில் ஏற்றிவிட்டார்கள்.

நடிப்பைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் ஒரு பாடம் உண்டு. துருவ் விக்ரமின் முதல் படம் பாலா இயக்கத்தில் 'வர்மா'. எடுத்து முடித்த படத்தைத் தயாரிப்பு நிறுவனம் 2019 பிப்ரவரியில் கைவிட்டது. அதே கதையை வேறு இயக்குநர், வேறு நாயகி என்று மறுபடி எடுத்து அந்த வருடக் கடைசியில் 'ஆதித்ய வர்மா'வாக வெளியிட்டார்கள். 2020-ல் 'வர்மா'வும் ஓ.டி.டி.யில் வந்துவிட்டது. ஒரே புதுமுகம், ஒரே வேடம், இரண்டு இயக்குநர்கள்! உலகத்தில் எத்தனை நடிகர்களுக்கு இப்படி ஒரு சோதனை நடந்திருக்கும்? இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நடை, பார்வை, வசனத்தின் வேகம் என்று இயக்குநர் மாறினால் நடிகனிடம் என்னென்ன மாறும் என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னால் 2025-ல் மாரி செல்வராஜின் 'பைசன்' படத்தில் கபடி வீரராக அவர் வந்தபோது யாருடைய மகன் என்பது இரண்டாம்பட்சமாகிப் போனதையும் பார்த்தோம்.

"தனுஷுக்கு வீட்டில்தானே படம் எடுத்தார்கள்" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. 2002-ல் 'துள்ளுவதோ இளமை' அப்பா கஸ்தூரி ராஜா பெயரில் வந்தது, எழுதியவர் அண்ணன் செல்வராகவன். அடுத்த வருடம் அண்ணனே இயக்கிய 'காதல் கொண்டேன்'. இரண்டும் வீட்டுச் சரக்கு. ஆனால் செல்வராகவன் தம்பி என்று பார்த்து விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தம்பியை அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இல்லை. ஒல்லி உடம்பையும் சாதாரண முகத்தையும் அப்படியே கதைக்குள் வைத்தார். ரவிக்கு 'ஜெயம்' எடுத்ததும் அண்ணன் மோகன் ராஜாதான், தயாரித்தது அப்பா எடிட்டர் மோகன். அங்கே வேறொரு ஜாக்கிரதை இருந்தது. தெலுங்கில் ஏற்கெனவே ஓடிய கதை, எந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள், எங்கே அழுவார்கள் என்று தெரிந்துகொண்டு இறங்கினார்கள். எடிட்டர் வீடு இல்லையா, எது வேண்டாம் என்று வெட்டத் தெரியும். ஆக, வீட்டுப் படமே கூடாது என்று சட்டம் போட முடியாது. செட்டில் உங்களிடம் "இது சரியில்லை, மறுபடி செய்" என்று சொல்லும் அதிகாரமும் தைரியமும் உள்ள ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். உங்கள் அப்பா இயக்குநரும் இல்லை, எடிட்டரும் இல்லை. அவர் கூலிக்கு வைக்கும் இயக்குநர் அதைச் சொல்ல மாட்டார்.

சரி, இரண்டு வருடம் என்ன செய்வது?

உதவி இயக்குநராகப் போய்ச் சேருங்கள். கார்த்தி அமெரிக்காவில் முதுகலை படித்துவிட்டு வந்து 'ஆய்த எழுத்து' படத்தில் மணிரத்னத்திடம் உதவி இயக்குநராக இருந்தார். விஷால் அர்ஜுனிடம், ரவி 'ஆளவந்தான்' படத்தில், விக்ரம் பிரபு விஷ்ணுவர்தனின் 'சர்வம்' படத்தில். சிவாஜியின் பேரனுக்கே இந்தப் படி தேவைப்பட்டிருக்கிறது. பிறகு அவர் 2012-ல் 'கும்கி'யில் அறிமுகமானதும் வீட்டு பேனரில் இல்லை, லிங்குசாமியின் திருப்பதி பிரதர்ஸ் தயாரிப்பில்.

கிளாப் அடிப்பதும் கன்டினியூட்டி நோட்டு எழுதுவதும் நடிப்புக்கு எப்படி உதவும் என்று தோன்றும். கன்டினியூட்டி பார்க்கிறவன் ஒரு நடிகர் எந்த வார்த்தையில் டம்ளரைத் தூக்கினார், எந்த வார்த்தையில் வைத்தார் என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மாதம் இதைச் செய்தால் நல்ல நடிகர் கையை எங்கே வைக்கிறார், எதற்காக வைக்கிறார் என்பது தானாகப் புரியத் தொடங்கும். எடிட்டிங் அறையில் உட்கார்ந்தால் இன்னும் விசேஷம். செட்டில் எல்லோரும் கைதட்டிய டேக் அங்கே தூக்கி எறியப்படும், யாரும் கவனிக்காத ஒரு சின்னப் பார்வை படத்தில் நிற்கும். அப்புறம், செட்டில் உங்களை யாரும் தம்பி என்று குழைய மாட்டார்கள். டீ வரக் கொஞ்சம் தாமதமானாலும் திட்டு விழும். அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். எப்படியும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், அதுவரையாவது நிம்மதி.

தமிழைச் சரி செய்யுங்கள். இதைக் கேட்டால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். சினிமாக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல ஆங்கிலப் பள்ளிகளில் படித்து, வீட்டிலும் பாதி ஆங்கிலத்தில் பேசி வளர்கிறார்கள். ழகர ளகரம் ஓரளவு பயிற்சியில் வந்துவிடும். வாக்கியத்தின் ராகம்தான் வராது. சென்னை நகரத்துப் பையனுக்குத் தூத்துக்குடிக்காரரின் கோபம் எந்தச் சொல்லில் ஏறும் என்று தெரியாது. கார்த்தி 'பருத்திவீரன்' செய்தபோது அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த பையன் என்று யாரும் நம்பவில்லை. அமீர் அந்த மண்ணிலேயே வைத்துப் பழக்கினார். 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' எடுத்த பாரதிராஜா, எம்.ஆர்.ராதாவின் மகள் ராதிகாவைக் கிராமத்துப் பாஞ்சாலியாக்கினார். வெளிநாட்டிலும் படித்து வளர்ந்த பெண் அவர். பழக முடியும், ஆனால் ஒரு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை.

நாடகம் கிடைத்தால் விடாதீர்கள். ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, விமல், விதார்த் என்று ஒரு வரிசையே வந்திருக்கிறது. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதும் வேலையில் இருந்துகொண்டே நடிப்பைப் பார்த்தவர். சண்டை, நடனம், குதிரையேற்றம் எல்லாம் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஜிம்மிலும் நடன வகுப்பிலும் மட்டுமே இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுத் தயாராகிவிட்டேன் என்று வருகிற வாரிசுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பீட்டைப் பற்றியும் கேட்பீர்கள். பெரிய நடிகரின் மகன் என்றால் அது பெரிய தொல்லை, உங்களுக்குக் குறைவாகத்தான் இருக்கும். பிரபு 1982-ல் 'சங்கிலி'யில் அப்பாவோடு அறிமுகமாகி, தொடர்ந்து பல படங்களில் அவரோடு சேர்ந்தே நடித்தார். சிவாஜிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நடிகனாகத் தெரிவது லேசான காரியமா? அப்பாவின் உச்சரிப்போடும் கம்பீரத்தோடும் போட்டி போடாமல், சிரிப்பும் வெகுளித்தனமுமாகத் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டார். 'சின்னத் தம்பி' வரை அது அவரைக் கொண்டுபோனது. முத்துராமன் மகன் கார்த்திக்கும் 'அலைகள் ஓய்வதில்லை'யிலிருந்து அப்பாவின் சாயலே இல்லாத துள்ளலோடு வந்தார். இந்த இருவரையும் ஒரே அப்பாவின் இரு மகன்களாக 'அக்னி நட்சத்திர'த்தில் மோதவிட்டார் மணிரத்னம். யோசித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு குறும்பு இருக்கிறது.

உங்களுக்குத் தங்கை இருந்து, அவரும் நடிக்க வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மகனுக்குக் கிடைக்கும் அவகாசம் மகளுக்குக் கிடைப்பதில்லை. அருண் விஜய் போல இருபது வருடம் ஒரு பெண்ணுக்கு யாரும் தர மாட்டார்கள், நாலு படம் ஓடவில்லை என்றால் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். ஸ்ருதி ஹாசன் 2009-ல் இந்தியில் தொடங்கி, 2012-ல் தெலுங்கு 'கப்பர் சிங்' ஓடும்வரை ராசியில்லாத நடிகை என்ற பேச்சைச் சுமந்தார். கமல் மகளுக்கே அந்தக் கதி. வரலட்சுமி சரத்குமார் நாயகி வேடத்துக்கே காத்திருக்காமல் 2018-ல் 'சண்டக்கோழி 2', 'சர்கார்' என்று வில்லியாகிவிட்டார், அது நல்ல முடிவு. கீர்த்தி சுரேஷ் நடிகை மேனகாவின் மகள், அப்பா தயாரிப்பாளர். குழந்தையாக அப்பாவின் படங்களில் தலைகாட்டியவர் நாயகியாக வரும்போது பிரியதர்ஷனிடம் போனார். தமிழில் 'நடிகையர் திலகம்' என்று வந்த தெலுங்கு 'மகாநடி'க்குத் தேசிய விருது வந்த பிறகு யார் மகள் என்ற பேச்சே எழவில்லை.

சமூக வலைத்தளத்தில் வாரிசு என்று திட்டுவார்களே என்று பயப்படாதீர்கள். திட்டுவார்கள். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். பேட்டியில் உட்கார்ந்து "நானும் ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். பத்து வருடம் ஆடிஷன் வரிசையில் நிற்கிறவன் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவால்தான் உள்ளே வந்தேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

கதை கேட்பது தனி விவகாரம். இந்த ஊரில் பாதி இளம் நடிகர்களுக்குக் கதை கேட்பது அப்பாதான். அவர் ஓடிய காலத்துப் படங்களின் கணக்கில் கேட்பார். அறிமுகப் பாட்டு இருக்கிறதா, இடைவேளைச் சண்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருபத்தைந்து வயது இயக்குநர் ஒருவர் ஒன்லைன் சொல்ல வந்தால், முன்னால் ஒரு பெரியவர் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். கதையை நீங்களே கேளுங்கள். மேனேஜராகவும் வீட்டு ஆளை வைக்காதீர்கள்.

நடிப்பு சரிப்படவில்லை என்றால் சினிமாவை விட்டே ஓட வேண்டும் என்பதும் இல்லை. கங்கை அமரன் மகன் வெங்கட் பிரபு முதலில் நடிகராகத்தான் முயன்றார். பெரிதாக அமையவில்லை. 2007-ல் 'சென்னை 600028' எடுத்த பிறகு அவருடைய இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்தது. உதவி இயக்குநராக இருக்கும் இரண்டு வருடத்தில் உங்களுக்கும் அது தெரிந்துவிடலாம்.

கடைசியாக, வீட்டில் பேச வேண்டிய பேச்சு. அப்பாவிடம் போய் "உங்கள் படம் வேண்டாம்" என்று வெட்டெனச் சொல்லாதீர்கள். அவர் ஆசையாகத்தான் சொல்கிறார். தனக்குக் கிடைக்காத ஹீரோ வாழ்க்கை மகனுக்காவது கிடைக்கட்டும் என்ற ஏக்கமும் அதில் இருக்கும். அவருக்குத் தெரிந்த இயக்குநர்களில் மூன்று பேருக்கு மட்டும் போன் செய்யச் சொல்லுங்கள், உங்களுக்கு வேடம் கேட்டு வேண்டாம், உதவி இயக்குநராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு. அந்தப் போனை யாரும் மறுக்க மாட்டார்கள், பெரிய நன்றிக்கடன் எதுவும் செலவாகாது.

அதற்கும் மேல் அவர் பிடிவாதமாக இருந்தால், இரண்டு நிபந்தனை வையுங்கள். இயக்குநரை நீங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பூஜை முடிந்த பிறகு அப்பா செட்டுக்கு வரக் கூடாது. பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டுவிடுங்கள். கைப்பணம் என்றால் அது அவருடைய விருப்பம். வீட்டுப் பத்திரத்தை வைத்தோ, பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கியோ என்றால் எந்த நிபந்தனையோடும் ஒப்புக்கொள்ளாதீர்கள். படம் ஓடாவிட்டால் அந்தக் கடனை அடைக்கவே, வந்த அட்வான்ஸையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு, கதை கேட்காமல் அடுத்த நாலு படத்தில் நடிக்க வேண்டியிருக்கும். முதல் படத்தின் தோல்வியை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அந்த நாலு படங்களுக்குப் பிறகு உங்களிடம் கதை சொல்ல நல்ல இயக்குநர் யாரும் வர மாட்டார்.